மோதியவரிடம் கேட்ட மன்னிப்பு

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவனுக்கு 'மன்னிப்பு' என்று பட்டப்பெயர். யாராவது தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்து நொறுக்கிக்கொண்டு வந்தால்கூட, "ஃபிரேம் கொஞ்சம் மெலிசாக் குடுத்துட்டேங்க, என் தப்புதான்" என்று முந்திக்கொள்வான். ஆகவே, சிக்னலில் சிவப்பு விழுந்து சிவனே என்று நின்றிருந்த காரின் முதுகில் ஒரு வேன் வந்து மோதியபோது, இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டவன் அவன்தான் என்பதில் கடையில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

கார் மனைவியுடையது; அன்றைக்கு அவளை ஒரு நோயாளியின் வீட்டில் இறக்கிவிட்டு அவன் ஓட்டி வந்துகொண்டிருந்தான். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். மடக்குக் கட்டில், ரப்பர் பட்டைகள், பெரிய பந்து எல்லாம் டிக்கியில்தான் பயணம் செய்யும். இப்போது அந்த டிக்கி மூட மறுத்து, வாயைப் பிளந்தபடி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் தலையசைக்காமல் மெக்கானிக் கை வைக்க மாட்டார். அதுவரை அவள் கட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கார் அவள் பெயரில் இருந்ததால் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு இருவரும் போக வேண்டியிருந்தது. அவள் ஒரு நோயாளி வீட்டிலிருந்து கட்டிலோடு நேராக வந்திருந்தாள். அதிகாரி, ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்த பெண்மணி.

"சார், நீங்க ஃபோன் பேசிக்கிட்டே சட்டுனு பிரேக் போட்டீங்கன்னு வேன்காரர் சொல்றார். சிக்னல் கேமரா அன்னைக்கு வேலை செய்யல."

"நான் நின்னுட்டுதான் இருந்தேன் மேடம்."

"ஆனா அவர் இதை அனுப்பியிருக்காரே."

அதிகாரி திரையைத் திருப்பி வைத்தார். வேன்காரர் தன் ஃபோனில் எடுத்த வீடியோ படம். நசுங்கிய பம்பர் மேல் கேமரா மெதுவாக நகர்ந்தது. "கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்று ஒரு குரல் அதட்டியது. பிறகு இன்னொரு குரல், இழைந்து, குழைந்து, எதிராளி முகத்தைப் பார்த்துப் பார்த்து இறங்கும் குரல். அது தன்னுடையது என்று புரிய அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"மன்னிச்சுக்குங்க சார், என் தப்புதான். வீட்டுல ஃபோன் மேல ஃபோன். எடுக்கலைன்னா அவ்வளவுதான், சாப்பாடு கிடையாது. அந்த டென்ஷன்ல..."

வேன்காரரின் குரல் சட்டென்று இளகிச் சிரித்தது. "எல்லார் வீட்டுலயும் இதே கதைதாம்ப்பா."

திரையில் அவனும் சிரித்தான். படம் நின்றது.

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் வார் அழுத்திய இடத்தை அவள் கை தடவிக்கொண்டிருந்தது.

"நீங்க கூப்பிட்டீங்களா மேடம்?" என்றார் அதிகாரி.

"அவரையே கேளுங்க."

அவனுக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆமாம் என்று சொன்னால் க்ளெய்ம் போய்விடும். இல்லை என்று சொன்னால், ஏன் பொய் சொன்னான் என்பதை அவள் முன்னால் சொல்ல வேண்டும். ஃபோனை எடுத்து அதிகாரியிடம் நீட்டினான்.

"கூப்பிடல மேடம். நீங்களே பாருங்க, அந்த நேரத்துல ஒரு கால்கூட இல்ல. அவ அப்போ ஒரு பேஷண்ட்டை நடக்க வச்சிட்டிருந்தா. நானாதான் சொன்னேன்."

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"அவர் ரொம்பக் கோவமா இருந்தார். பொண்டாட்டி தொல்லைன்னு சொன்னா எப்பேர்ப்பட்டவங்களும் சிரிச்சுடுவாங்க." திரையைக் காட்டினான். "அவரும் சிரிச்சார்."

அதிகாரி கால் பட்டியலைப் படம் பிடித்துக்கொண்டார். அவனுடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்ய ஒரு பொத்தானை அழுத்தினார். 'என் மேல் தப்பில்லை' என்ற மூன்று சொல்லைச் சொல்ல அவனுக்கு மூன்று தடவை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. "இது போதும், பாஸ் ஆயிடும்" என்றார் அதிகாரி. அவன் நன்றி சொன்னான். மனைவி சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"கடைக்கு லேட்டாப் போனா என்ன சொல்வீங்க? பொண்டாட்டி விடலன்னா?"

அவன் டிக்கெட்டைச் சுருட்டினான்.

"அதான் நான் அங்க வந்தா எல்லாரும் எழுந்து நிக்கிறாங்களா? மரியாதைன்னுல்ல நெனச்சேன். போன தடவை உங்க முதலாளி எனக்கு நாற்காலியைத் துடைச்சுப் போட்டார்."

யாரோ இறங்கும் அவசரத்தில் அவன் காலை மிதித்தார்கள். "சாரிங்க, காலை நீட்டிட்டேன்" என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் முதல்முறையாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வேண்டாம்," என்றாள். "ஊருக்கெல்லாம் வாரி வழங்கற மன்னிப்பை எனக்கும் குடுக்காதீங்க."

இறங்கும் இடம் வந்தது. கட்டிலை எடுக்க அவன் கை நீட்டுவதற்குள் அவளே தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயந்திரம் கண்ணாடி மாத்த உங்க கடைக்கு வரேன். ஒருத்தரும் எழுந்து நிக்கக் கூடாது."

அவன் தலையாட்டினான். சொன்னதெல்லாம் பொய் என்று முதலாளியிடமிருந்து சொல்லத் தொடங்க வேண்டும். அவர் நிச்சயம் சிரிப்பார். சிரித்து முடிக்கும்வரை நின்று, மறுபடியும் சொல்ல வேண்டும்.