ராணியம்மாள் கட்டிய கை

தேரடித் தெருவில் ஒரு சேதி பரவவேண்டுமானால் ராணியம்மாளிடம் 'யாருக்கும் சொல்லாதீங்க' என்று சொன்னால் போதும். ஆனால் 2008 ஆனியில், மகன் டாக்டர் அறிவுச்செல்வன் சென்னையிலிருந்து வந்து படுத்தே கிடந்தபோது அவள் வாயே திறக்கவில்லை.

எதிர்வீட்டுப் பாஞ்சாலை விடுவாளா? புளி கேட்கும் சாக்கில் வந்துவிட்டாள்.

"டாக்டரு ரோபோ ஆபரேசன் கத்துக்க வெளிநாடு போறார்னு கிரிவலம் வர்றவங்ககிட்டல்லாம் சொன்னீங்களேக்கா. இன்னும் போகலியா?"

"போகல அத்த" என்றான் அறிவு உள்ளேயிருந்து. "கம்ப்யூட்டர் என்னை ஃபெயிலாக்கிடுச்சு."

அவனே விளக்கினான். வெளிநாடு அனுப்ப ஆள் எடுக்கச் சென்னையில் ரோபோவை வைத்தே ஒரு பரீட்சை நடத்தினார்கள். டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து ரோபோவின் கைகளை ஓட்டுவார். அந்த அசைவெல்லாம் பதிவாகும். தேர்ந்த சர்ஜன்களின் பதிவுகளைப் பார்த்துப் பார்த்து, நல்ல கை எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்தது.

"தையல்ல கஷ்டமான இடம் வந்தா எனக்கு வலது கை நின்னுடுது. அப்புறம் ஊசிய இடது கைக்கு மாத்திக்கறேன். அதைத் தடுமாறறான்னு கணக்குப் பண்ணி மார்க்கைக் கம்மி பண்ணிடுச்சு. அது பாத்துக் கத்துக்கிட்டவங்க எல்லாரும் சோத்துக்கைக்காரங்க. தையல் சுத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா மார்க் ஜாஸ்தி வாங்கினவனைத்தான் அனுப்புறாங்க."

பாஞ்சாலைக்கு முகம் மலர்ந்தது. பாவம், மறைக்கத் தெரியாது.

"நீ பீச்சாங்கைப் பிள்ளையாச்சே. உங்கம்மாதான துணியால கட்டிப்போட்டு மாத்தினாங்க. தெருவே பாத்துச்சே."

சொல்லிவிட்டு, புளியை மறந்து போய்விட்டாள்.

கட்டியது உண்மைதான். அவிழ்த்தால் கரண்டிக் காம்பால் ஓர் அடியும் உண்டு. கல்யாணப் பந்தியில் பிள்ளை இடது கையால் சோறள்ள, பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதற்காகத்தான் கட்டினாள். அன்று முதலில் சிரித்தவளே பாஞ்சாலைதான். இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்ல?

மத்தியானம் மகனுக்குச் சோறு போட்டாள்.

"அந்தக் கையாலயே சாப்பிடுடா. யாரு கேக்கறது."

"இப்ப எதுக்கும்மா?"

"சாப்பிடுன்றேன்."

அவன் இடது கையால் பிசைந்தான். எத்தனையோ வயிறுகளைத் தைத்த கை, அழகாகத்தான் உருட்டியது. வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. கண் தானாக அம்மாவின் கையைப் பார்த்தது.

குழம்பு ஊற்ற எடுத்த கரண்டியை ராணியம்மாள் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அவன் கவளத்தை வலது கைக்கு மாற்றிச் சாப்பிட்டான்.