வெள்ளிமலையில் லீவு இல்லை

ரிஷிவந்தியம் பக்கத்து ஊருக்குச் சோதனைக்குப் போவதைப் பிரிட்டோ மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். ரோடு சரியில்லை என்றான், அறுவடை நேரம், ஆள் இருக்காது என்றான். கடைசியில் சாக்கு தீர்ந்துபோய், ஆராய்ச்சி வண்டி அந்த ஊருக்குள் நுழைந்தது. அது அவனுடைய மாமனார் ஊர்.

சிலருக்கு உடம்பு சீக்கிரம் தளர்கிறது, சிலருக்குத் தளர்வதில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகம் கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்து முதியவர்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். கைப்பிடியின் வலுவை அளப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஞாபகசக்திச் சோதனை. விலங்கியல் படித்த பிரிட்டோவுக்கு அதில்தான் வேலை. சொந்தக்காரர்களைச் சோதிக்கக் கூடாது என்பது விதி என்பதால், மாமனார் வியாகுலத்தை உடன் வேலை செய்யும் தமிழ்மொழி சோதித்தாள். அவன் வாசலில் காயும் மக்காச்சோளத்தின் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கைப்பிடிக் கருவியை வியாகுலம் மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது? பால் கறக்கிற மாதிரி அமுக்கணுமா?"

"ஆமா தாத்தா. நல்லா அமுக்குங்க."

"மாப்ள, நீங்க அமுக்கினா இது எவ்ளோ காட்டும்?"

"உங்கள விட கம்மியாத்தான் காட்டும் மாமா."

கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கையில் வலு இருந்தது. நடையும் மோசமில்லை. ஆனால் தமிழ்மொழி சொன்ன வார்த்தைகளில் ஒன்றைக்கூடக் கொஞ்ச நேரம் கழித்து அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னாள் என்பதே அவர் நினைவில் இல்லை. தமிழ்மொழி பிரிட்டோவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவன் மக்காச்சோளத்தைப் பார்த்தான்.

அடுத்தது வீட்டு ஆளிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள். தமிழ்மொழி உள்ளே போய் மாமியார் உபகாரமேரியோடு உட்கார்ந்தாள். வாசலில் கிழவரும் மருமகனும் மட்டும்.

"ஷீபா வரலியா மாப்ள?"

"லீவு இல்ல மாமா."

"மலையில மழையா?"

"நல்ல மழை. ஒரே பனிமூட்டமா இருக்குதாம்."

வியாகுலம் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிரிட்டோவின் மனைவி ஷீபா வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் கீழே வருவாள். போன வருஷம் தவக்காலத்தில் காய்ச்சலோடு இறங்கி வந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறியது. ஈஸ்டருக்குள் புதைத்தாகிவிட்டது. வியாகுலம்தான் முதல் பிடி மண் போட்டார். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே, "ஷீபா வரலியா?" என்று கேட்டார். பிரிட்டோ யோசிக்காமல், "லீவு இல்ல மாமா" என்றான்.

அந்தச் சொல் வாயில் இனித்தது. அன்று ராத்திரி வரைக்கும் அவள் மலையில் உயிரோடு இருந்தாள். அதற்குப் பிறகு அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை. பூசை முடிந்ததும் நேராக இங்கே வருவான். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்பான், பலா பழுத்துவிட்டது என்பான். கிழவர் முகம் மலரும். மறதி நோயில் நடந்தது மறந்துபோகும், அது கிளப்பிவிட்ட உணர்ச்சி மட்டும் தங்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் நான் அவருக்குச் சந்தோஷத்தைத்தான் விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டாக்டரிடம் காட்டவில்லை. காட்டினால் இந்தப் பேச்சு நின்றுவிடும்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவது கேட்டது.

"சாப்பாடு ஒழுங்கா சாப்பிடுறாராம்மா?"

"எங்க? என் கையால குடுத்தா தொடமாட்டாரு. பக்கத்து வூட்டு பூமாலை வந்து போட்டாதான் சாப்பிடுவாரு."

"ஏன்?"

"பெத்த புள்ளைய சாவடிக்கிறவ கையால சோறு எதுக்குன்றாரு. ஷீபா போட்டோவுக்கு மாலை போட்டேன்மா, அதான் நான் பண்ண குத்தம். மாலைய பிச்சி எறிஞ்சாரு. 'மாப்ள வாராவாரம் வந்து சொல்றாரு, புள்ள மலையில கீது, லீவு இல்லன்னு. உசுரோட இருக்கிறதுக்கு மாலை போடுறியாடி'ன்னு சொம்ப எடுத்து வீசினாரு."

"கையில கட்டு அதானா?"

"ஆறிக்கினு வருது."

அந்தக் கட்டைப் போன ஞாயிறன்றே பிரிட்டோ பார்த்திருந்தான். மாமியார் காப்பி டம்ளரை இடது கையால் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். என்னவென்று கேட்கவில்லை.

"நீங்க பிரிட்டோகிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"



"மாப்ளைய நா எப்பிடிம்மா கேக்குறது? அவளே இல்லாத வூட்டுக்கு இன்னும் வர்றாரே, அதுவே பெருசு. நா எதனா கேட்டு, அவரும் வராம பூட்டார்னா?"

"பலா பழுத்துடுச்சா மாப்ள மலையில?" என்று வியாகுலம் பக்கத்திலிருந்து கேட்டார்.

பிரிட்டோவுக்குக் காது சுட்டது. குனிந்து மக்காச்சோளத்தைக் கையால் பரப்பிவிட்டான்.

வெளியே வந்த தமிழ்மொழி அவனை வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"டாக்டருக்கு எழுதுறேன். நீ இத எப்பவோ பண்ணியிருக்கணும்."

"நடந்தது மறந்துடும், உணர்ச்சி தங்கும்னு..." என்று ஆரம்பித்தான்.

"கோவம் உணர்ச்சி இல்லியா பிரிட்டோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மதியம் பூமாலை வேலைக்குப் போயிருந்தாள். உபகாரமேரியே சோறு போட்டு வைத்தாள். கிழவர் தட்டைத் தள்ளினார்.

"எடுத்துக்கினு போ."

அவள் குனிந்து தட்டை எடுக்கப்போனாள். பழகிப்போன குனிவு. அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

"மாமா. ஷீபா செத்துட்டா."

அந்தச் சொல்லை அவன் இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அலுவலகத்தில்கூட, "அவங்க இல்ல" என்று மட்டுமே சொல்லியிருந்தான்.

"நீங்களுமா மாப்ள? இவ சொல்லிக் குடுத்தாளா?"

"அத்தை எதுவும் சொல்லிக் குடுக்கல. மலையில இருக்கான்னு நான்தான் பொய் சொன்னேன். வாராவாரம் பொய் சொன்னேன்."

வியாகுலம் அவனையே பார்த்தார். கிழவர் முகத்தில் அந்தச் சேதி மெல்ல இறங்கியது. உதடு கோணியது.

"அப்ப நா இருந்தனா?"

"இருந்தீங்க மாமா. நீங்கதான் மொத மண்ணு போட்டீங்க."

அவர் அழுத அழுகை தெருவுக்கே கேட்டிருக்கும். உபகாரமேரி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டாள். அழுது ஓய்ந்ததும் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு இன்னொரு வாய். தனக்கும் கண்ணீர் வருமென்று பிரிட்டோ காத்திருந்தான். வரவில்லை. கூச்சம்தான் வந்தது.

கை கழுவிவிட்டு வந்து வியாகுலம் சுவரில் சாய்ந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. ஏன் சிவந்தது என்று அவருக்கே தெரியவில்லை போலக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ஷீபா வரலியா மாப்ள?"

உபகாரமேரி அவனிடம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "லீவு இல்லன்னே சொல்லிடுங்க மாப்ள. உங்க வாடின மூஞ்சிய பாக்க முடியல."

அவள் தனக்காகச் சொல்லவில்லை. கிழவருக்காகவும் சொல்லவில்லை. அவனுக்காகத்தான் சொன்னாள் என்று புரிந்தபோது தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"அத்தைய கேளுங்க மாமா," என்றான்.

சொன்ன பிறகுதான், பாரத்தைத் திரும்ப அவள் தலையிலேயே வைத்துவிட்டோம் என்று உறைத்தது.

கிழவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "மேரி, புள்ள எங்க?"

"இனிமே வராதுங்க நம்ம புள்ள," என்றாள் அவள்.

அவர் முகம் கடுத்தது. நியாயம் கேட்பதுபோல மருமகனைப் பார்த்தார். எழுந்து வண்டிக்கு ஓடிவிடலாமா என்று பிரிட்டோவுக்கு இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

"அத்தை சொல்றதுதான் நெசம் மாமா."