எதிர்ப்பு சக்தி யாருக்கு?

1

இந்தக் கதை என் வாக்கியப் பிழை ஒன்றிலிருந்து பிறந்தது. மறைத்துப் பயனில்லை. என் மனைவியின் அண்ணன் பேருந்து ஓட்டுநர். கெண்டைக்காலில் சீழ்க்கட்டி. ஆய்வக அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்: ‘ஸ்டெஃபைலோகாக்கஸ். வழக்கமான மருந்துகளுக்கு எதிர்ப்பு சக்தி உள்ளது.’ முதல் சொல் கிருமியின் பெயர். எதிர்ப்பு சக்தி யாருக்கு உள்ளது என்று எழுதவில்லை. ஆளைச் சொல்லாமல் விடும் வாக்கியம் அழகு என்று எனக்கொரு கர்வம்.

மச்சான் அதைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார். எதிர்ப்பு சக்தி இருப்பவனுக்கு ஊசி எதற்கு என்று பணிமனை முழுக்கச் சொல்லிவிட்டு, மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. மூன்றே நாளில் கால்...

2

கதையின் தொடக்கம், முதல் முயற்சி: ‘கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்...’

(கைவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, “அங்க அண்ணனுக்குக் கால் வீங்குது. நீங்க கோடி வருஷம் பின்னாடி போறீங்க” என்றாள்.)

இரண்டாம் முயற்சி: ‘அந்தக் கொடியவன்...’

(இதுவும் சரியில்லை. கிருமிக்கு வில்லத்தனம் தெரியாது. தன் மரபணுவைப் படியெடுக்கும்போது எங்கோ ஓர் எழுத்தைத் தவறவிடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் அதனால் லாபமில்லை. எப்போதாவது ஒரு பிழை, மருந்து வந்து பிடிக்கும் இடத்திலேயே விழுகிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. மற்றவை சாக, அந்த ஒன்று பெருகுகிறது. பிழைதான் அதைப் பிழைக்க வைக்கிறது. வேறு சில, பக்கத்துக் கிருமியிடமிருந்து மரபணுவையே வாங்கிக்கொள்ளும். நானும் இருபது வருடமாகப் பிழையாகத்தான் எழுதுகிறேன். ஒன்றுகூட இப்படிப் பலித்ததில்லை.)

3

நேரில் போனேன். தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்தார்.

“எதிர்ப்பு சக்தி உங்களுக்கு இல்ல மச்சான். கிருமிக்கு.”

வீங்கிய காலைப் பார்த்தார். “அப்ப எனக்கு என்ன மாப்ளே இருக்கு?”

(‘நாங்க இருக்கோம்’ என்றேன் என எழுதத்தான் ஆசை. உண்மையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் இருக்கு” என்றேன்.)

4

இதை மருத்துவமனையில், அவர் கட்டிலருகே உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு மருந்து, முதல் ஊசி போட்டாயிற்று. கேட்குமா என்று இரண்டு நாளில் தெரியுமாம்.

முடிவு அ: வீக்கம் வடிகிறது. மச்சான் மறுபடி பேருந்தை எடுக்கிறார்.

முடிவு ஆ: அந்தக் கால்...

(இல்லை. எழுத மாட்டேன்.)

இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“முடிவ நீங்க எழுதாதீங்க மாப்ளே. நீங்க எழுதினத நம்பி ஒருதடவ கால் வீங்கினது போதும்.”

நியாயம்தான். பேனாவை மூடிவிட்டேன். வாசகரே, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் அவரை நடக்க வையுங்கள்.