அவள் அழித்த பத்தி

சேதராப்பட்டு தொழிற்பேட்டையை விட்டு பஸ் கிளம்பியதுமே கலைவாணி போனை எடுத்து அந்தப் பத்தியை அழித்தாள். பாட்டில் மூடி வார்க்கும் மூணாம் நம்பர் மெஷினில், அச்சுக்குள் மூடி ஒட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது என்று கம்பெனியின் ஆன்லைன் குறிப்பேடான விக்கியில் அவளே எழுதியது. ஷிஃப்டுக்கு ஒருதரமாவது ஒட்டும்.

விக்கி வந்த புதிதில் மேனேஜர் செல்வகுமார், "தெரிஞ்சத எல்லாரும் எழுதுங்க. தப்பா இருந்தா யாரு வேணா திருத்துங்க. ஒருத்தர் லீவு போட்டா வேலை நிக்கக்கூடாது" என்றார். அதற்குமுன் ஆபரேட்டருக்குக் காய்ச்சல் என்றால் மெஷினும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். மற்றவர்கள் பட்டும் படாமலும் எழுத, இவள்தான் வெகுளியாக எல்லாவற்றையும் கொட்டினாள். அதன்பிறகு வேலை நிற்கவே இல்லை. இன்று மத்தியானம் இவளை நிறுத்திவிட்டார்கள். காண்ட்ராக்டில் வந்த அபி, ஷெட்டிலிருக்கும் கம்ப்யூட்டரில் விக்கியைப் பார்த்துப் பார்த்தே மெஷினை ஓட்டுகிறாள்.

நிற்கட்டும். எடுக்கத் தெரியாமல் முழித்து, என்னையே கூப்பிடட்டும். புதுச்சேரி சாரத்திலிருக்கும் வீட்டில் இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியதும் பத்தியின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. 'மூடி ஒட்டினா மெஷின் தானா நிக்கும், ஆனா கதவைத் திறந்தாலும் கரன்ட் கட் ஆகாது, சென்சார் ரிப்பேர்; அச்சு திடீர்னு மூடிக்கும். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணாம கை வைக்காதீங்க.' அதுவும் சேர்ந்து போயிருந்தது.

பத்தியைத் திரும்பச் சேர்க்க விக்கியைத் திறந்தாள். அதற்குள் அவள் பெயரை நீக்கியிருந்தார்கள். செல்வகுமார் போனைக் கட் பண்ணினார்; வேலை கேட்டுக் கெஞ்சுவாள் என்று நினைத்திருப்பார். அபியின் போன் கேட்டில் பெட்டிக்குள் கிடக்கும், ஷெட்டுக்குள் வேலைக்குப் போகிற எல்லாருடைய போனும் அப்படித்தான்.

இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். செக்யூரிட்டி வடிவேல் கேட்டைத் திறக்கவில்லை.

"உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"நான் உள்ள வரலண்ணே. மூணாம் நம்பர் மெயின ஆஃப் பண்ணச் சொல்லு. அபி கை வுட்டுடுவா. சீக்கிரம்ணே!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் இன்டர்காமை எடுத்தார். ஷெட்டுக்குள் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

மூணாம் நம்பர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை மெஷின் ஓடினாலும் அவளுக்கு அது தனியாகத் தெரியும். அது ஓடுகிறவரை மூடி ஒட்டவில்லை, அபி கை வைக்கமாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிக்காத, நிக்காத, ஓடு என்று முணுமுணுத்தாள்.

மெஷின் நின்றது. உள்ளே இன்டர்காம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.