முழங்கை உயரம்

வேதியியல் வாத்தியாருக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான். அவரும் செத்துப்போய்விட்டார். அதுதான் சிக்கலே. உயிரோடு இருப்பவனோடு சண்டை போடலாம், என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லலாம். சுவரில் மாட்டிய படத்தோடு என்ன செய்ய முடியும்?

வாத்தியாருடைய மனைவிக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் கணவர் பேர்போன கட்டடக் கலைஞர். இந்த வீட்டை அவரே வரைந்து, அவரே கூட நின்று கட்டினார். வாத்தியார் மனத்துக்குள் அவருக்கு 'முன்னவர்' என்று பெயர் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற கையோடு கல்யாணம் செய்துகொண்டு, ஒற்றைப் பெட்டியோடு இங்கே குடிவந்தவருக்கு, உட்கார்ந்த நாற்காலி, திறந்த ஜன்னல் எல்லாமே முன்னவருடையதாக இருந்தது. கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகள் அவ்வப்போது வீட்டைப் பார்க்க வருவார்கள். ஒருத்தி மிகவும் மரியாதையாக, "சார், வீட்டைப் பாத்துக்கறது நீங்கதானா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சமையலறையைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கிருந்த மர மேடை மனைவியின் முழங்கைக்குச் சரியாக வரும். குனியாமல், எக்காமல், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காய் நறுக்குவாள். வருகிற பிள்ளைகள் அங்கேதான் உருகிப்போவார்கள். "மனைவியோட உயரத்துக்குன்னே செஞ்சிருக்கார் பாரேன்!" வாத்தியாருக்கு வயிறு எரியும். பெண்டாட்டியின் முழங்கையைக்கூட ஒருவன் அளந்து வைத்துவிட்டுப் போனால், பின்னால் வருகிறவன் எதைத்தான் அளப்பது?

கடைசியில் கடவுள் கண் திறந்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கரையான் வந்து மேடையின் கால்களை அரித்துவிட்டது. "ஐயையோ" என்று வாய் சொன்னது, மனம் கரையானுக்கு நன்றி சொன்னது. அதே சமயம் அவர் வேலை பார்த்த பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்தார்கள். ஆய்வுக்கூட மேசைகள் விற்பனைக்கு வந்தன. அசல் தேக்கு. அமிலம் சிந்திய கறை, பையன்கள் காம்பஸால் கீறிய கிறுக்கல் எல்லாம் அப்படியே இருந்தன. அவர் ஆயுசில் பாதி அந்த மேசைகளைச் சுற்றியே கழிந்திருந்தது. இந்த வீட்டில் தம்முடையது என்று ஒன்றாவது இருக்க வேண்டும். "நீங்க செஞ்சது நல்லா இருக்குங்க" என்று அவள் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மனைவியை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

"மேசை கொஞ்சம் ஒசரமா இருக்கே சார்?" என்றார் தச்சர். "அம்மா வந்து ஒருதடவ நின்னாங்கன்னா அளந்துக்கலாம்."

"அவ ஒசரம் எனக்குத் தெரியாதா? என் தோளுக்கு வருவா. ஒரு காலைக்கூட அறுக்கக் கூடாது. அப்படியே நிறுத்துங்க."

"நீங்க சொன்னா சரி சார்." தச்சருக்கு வேலை மிச்சம்.

நின்றுகொண்டு குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பதற்காகச் செய்த மேசைகள் அவை. வாத்தியாருக்குத் தெரியாததல்ல, ஆனால் அப்போது அவர் கண்ணை வேறொன்று மறைத்திருந்தது.

மனைவி வந்தாள். தேக்கைத் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்குங்க" என்றாள். வாத்தியார் குளிர்ந்துபோனார். பிறகு அவள் கத்தியை எடுத்து ஒரு வெங்காயத்தை வைத்தாள். மேடை நெஞ்சுக்கு வந்தது. தோள்கள் காதைத் தொட, பறக்கப் போகிற கோழி போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் கத்தியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். கழித்துப் போட்ட குவியலிலிருந்து பழைய மேடையின் பலகைகள் இரண்டை இழுத்து வந்து அடுக்கி, அதன்மேல் ஏறி நின்றாள்.

வாத்தியாருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"தூக்கிப் போட்டாலும் அவரேதான் வந்து தாங்கணுமா? என்ன இருந்தாலும் அவர் அளந்து செஞ்ச மாதிரி வராதுல்ல!"

மனைவி திரும்பிப் பார்த்தாள். "யாரு அளந்தா?"

"ஊரே சொல்லுதே!"

"ஊருக்கென்ன தெரியும்? அவர் போட்ட மேடையும் இதே மாதிரி என் நெஞ்சு வரைக்கும்தான் இருந்துச்சு. வெளிச்சம், கோணம்னு என்னென்னமோ சொன்னார். முக்காலி மேல நின்னு சமைச்சுப் பாத்தேன். முடியல. அவர் வெளியூர் போனப்ப கார்பெண்டரக் கூப்பிட்டு நாலு காலையும் அறுத்துட்டேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சமையலறைக்கு வந்தாத்தானே தெரியும்? அப்புறம் யாரோ வந்து புகழ்ந்தாங்க. அவரும் ஆமாம்னுட்டார்."

வாத்தியாருக்குச் சிரிப்பு பீறிட்டது. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த மகானும் தம்மைப்போலவே ஒரு மடையன்தானா! முன்னவர்மீது முதன்முறையாகப் பாசமே வந்துவிட்டது. படத்துக்கு ஒரு பூ வைத்தால்கூடத் தப்பில்லை என்று தோன்றியது.

"நீங்களாவது கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி.

வாத்தியார் அவள் பக்கத்தில் போய் நின்றார். பலகைமேல் நின்றும் அவள் தலை அவர் தோளுக்குத்தான் வந்தது. உண்மையான உயரம் அதற்கும் கீழே எங்கோ இருந்தது. போனை எடுத்துத் தச்சரை ரம்பத்தோடு வரச் சொன்னார். பிறகு, "எவ்வளவு அறுக்கணும்?" என்று கேட்டார்.

"வரட்டும். நானே நின்னு சொல்றேன்." அவள் பலகையிலிருந்து இறங்கினாள். "இந்தத் தடவ யாராவது வந்து புகழ்ந்தா, நான் அறுத்ததுன்னு சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் வாத்தியார். அதுவும் தம்முடையது இல்லையே என்று அவருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.