ஓரத்தில் ஒரு தகடு

...இல்லை, இந்தக் கோணத்தில் தெரியாது, கேமரா இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தால் தெரிந்துவிடும் என்று குளோரியா நேரலை ஓடிய கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள், சிவாஜிநகர் பஸ் சிக்னலில் அசைவேனா என்று நின்றது, கண்டக்டர் முந்தே ஹோகி, முந்தே ஹோகி என்று கத்திக்கொண்டிருந்தார், எங்கே முன்னால் போவது, கால் வைக்கவே இடமில்லை... இங்கிலாந்தில் அவளுடைய கம்பெனியின் புது ரேஸ் கார் அப்போதுதான் திரை விலகி வெளியே வந்திருந்தது. இந்த வருஷம் விதிகளே வேறு, நேர்பாதையில் இறக்கை படுத்துக்கொள்ளும், வளைவு வந்தால் நிமிர்ந்து காரைத் தரையோடு அழுத்தும், ஊரெல்லாம் அதைத்தான் பேசும், பேசட்டும், அவளுக்கு வேண்டியது முன் இறக்கையின் ஓரத்தில் ஒரு விரல் நீளத் தகடு, டயர் கலக்கிவிடும் காற்றை வெளிப்பக்கம் தள்ளுவதற்காகக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் வளைத்து நிமிர்த்தி அவள் உண்டாக்கியது. அது காரில் ஏறினால் உன்னையும் இங்கே கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று அந்த ஊர் மேலதிகாரி சொல்லியிருந்தார், இங்கே என்றால் ஜாய்சன் இருக்கும் இடம், கல்யாணச் சாப்பாட்டு வாசனை போவதற்குள் அவள் புருஷன் அதே கம்பெனி வேலைக்கென்று விமானம் ஏறிப்போன இடம்.

கேமரா திரும்பியது, ஓரம் மொட்டையாக இருந்தது... பெரிதாக்கிப் பார்த்தாள், மொட்டைதான், வலது பக்கம் இருக்குமோ, சீ, என்ன பைத்தியக்காரத்தனம், இரண்டு பக்கமும் ஒன்றுதானே, அதனால்தானே ஆபீஸில் பாதிக் காருக்கு மட்டும் காற்றோட்டக் கணக்குப் போட்டுவிட்டு மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே நிரப்பிக்கொள்கிறார்கள், நேரம் மிச்சம். ஜாய்சன் விஷயத்திலும் அதையேதான் செய்தாளோ, தன் ஏக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அவனுடைய பாதியும் இப்படித்தான் தவிக்கும் என்று நிரப்பிக்கொண்டு... போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேசும்போது, வாடகை வீட்டை இப்போதே காலி செய்யாதே, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்றானே, ஜாக்கிரதையான மனுஷன் என்று பெருமைப்பட்டாளே. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா பார்க்கிறாளே என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனுக்குப் போன் போட்டாள்.

"எப்ப தெரியும் ஜாய்சன்?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடியே தெரியும் குளோரி... நீ அப்செட் ஆவேன்னுதான் சொல்லல."

கிறிஸ்மஸுக்கு முன்னால், அப்படியென்றால் நட்சத்திரம் கட்டுவதை வீடியோவில் அவனுக்குக் காட்டினாளே, அடுத்த வருஷம் உன் வீட்டு வாசலில் கட்டுவேன் என்றாளே, அப்போதும் தெரியும், சிரித்தான்... குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினாள், சோர்வு இருந்தது, ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதிகூட இருந்ததுபோல் பட்டது, சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது. விடு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று அவன் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான், பஸ் ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது. காரின் மேல் காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் ஒவ்வொரு தகட்டையும் பொருத்திப் பார்த்து வேண்டும், வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது யாருடைய வேலை... அவனுடையதுதானே, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, என் புருஷன் சரி என்றால்தான் ஒரு ஆணிகூட அந்தக் காரில் ஏறும் என்று. கேட்டுவிடலாம், ஒரே ஒரு கேள்வி, நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.