வாசனை வராத குடுவைகள்

மூலிகைச் செடியின் செல்களை வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுவது என் வேலை. இந்தக் கூடத்தை ஒட்டிய மூலிகைத் தோட்டத்தில் அதே செடியின் இலை பறித்த என் மனைவி போன வருஷம் இறந்துவிட்டாள். அவள் கையில் எப்போதும் இருந்த அந்த இலை வாசனைக்காக ஒவ்வொரு குடுவையையும் முகர்ந்து பார்ப்பேன். ஒன்றும் வராது.

“என்னண்ணே, குடுவைக்கு முத்தமா?” என்று ஆராய்ச்சி செய்யும் பெண் சிரித்தாள்.

“அதே செடிதானேம்மா? வாசனை எங்க போச்சு?”

“வாசனை தர்ற டெர்பீனைச் செய்ய ஒரு நொதி வேணும்ண்ணே. அதை உண்டாக்குற மரபணு இந்தச் செல்லுல தூங்குது. மருந்து குடுத்து எழுப்பிப் பாக்குறோம்.”

“எழுந்தா எனக்கு ஒரு குரல் குடும்மா.”

அடுத்த வாரம் கூப்பிட்டாள். “முழிச்சிருச்சுண்ணே!”

சோதனை முடிந்த குடுவையைக் கழுவத்தான் தந்தாள். முகர்ந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. மற்றதையெல்லாம் கழுவி முடித்து, அதைக் கடைசியாகக் கழுவினேன்.